விரல் நுனிக்கு வைக்காத காவல்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, சர்க்யூட் பார்த்துப் பார்த்தே கண் தேய்ந்த மூத்தவர்களே, பற்றவைக்கும் கோலைப் பேனாவாய்ப் பிடிக்கும் தாய்மார்களே, தம்பிகளே, தங்கைகளே, எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்.

நிலைமின்சாரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் என் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்காதீர்கள், விஷயம் ஒன்றுதான்.

அவர் மலையுச்சியில் வானிலை குறிப்பவர். குளிர்காலம் முழுதும் பாதையைப் பனி மூடிவிடும். எங்களை இணைத்தது மாலை ஆறு மணி ரேடியோ. அதன் சர்க்யூட்டை வரைந்தவள் நான். ஆன்டெனா முனையில் மின்னலைத் தடுக்கக் காவல் வைத்தேன். காவலுக்கும் காவல் வைத்தேன். மைக் செருகும் முனையில்? எள்ளளவு டையோடு ஒன்றுகூட வைக்கவில்லை. வானத்து இடிக்கு அஞ்சினேன். வீட்டுக்காரர் விரலுக்கு அஞ்சவில்லை. நம்ம ஆள்தானே தொடப்போகிறார் என்ற மெத்தனம்.

வறண்ட குளிரில் கம்பளியை உதறிவிட்டு மைக்கைச் செருகப் போயிருக்கிறார். விரலில் சுள்ளென்று ஒரு பொறி, மைக் முனை வழியே உள்ளே பாய்ந்தது. அன்றோடு அவர் குரல் நின்றது.

நாற்பத்து மூன்று நாள், பெரியோர்களே! கூரையில் புகை தெரிகிறது, ஆள் நலம் என்றது வானிலை அலுவலகம். புகை என் பெயரைச் சொல்லுமா? புகை சாப்பிட்டாயா என்று கேட்குமா? தினமும் ஆறு மணிக்கு ரேடியோவில் கூப்பிட்டேன். கெஞ்சினேன், ஏசினேன், அழுதேன். குழாய் ஒழுகுகிற கதையைக்கூடச் சொன்னேன். முன்வரிசை அம்மா தலையாட்டுகிறார், அவருக்குத் தெரியும். முப்பதாம் நாளோடு ரேடியோப் பெட்டியைத் துணி போட்டு மூடிவிட்டேன்.

பாதை திறந்து இறங்கி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அனுப்புறதுதான்மா செத்துப்போச்சு. கேக்குறது நல்லாத்தான் இருந்துச்சு. நீ திட்டினது மொத்தமும் கேட்டேன்."

சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"கடைசிப் பதிமூணு நாள் ஏன் பேசல?"

பதிமூன்று மாலை அந்த மனிதர் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்!

தோழர்களே, உள்ளே வரும் முனைக்குக் காவல் வையுங்கள். வெளியே போகும் முனைக்கும் வையுங்கள். அன்புள்ளவர் கை படும் முனைக்கு முதலில் வையுங்கள்.

அவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான். பதில் வராது என்று தெரிந்தே தினமும் அவரிடம் பேசுகிறேன். இந்த முறை நிறுத்துவதாக இல்லை.

இவ்வளவு நேரம் என் புலம்பலுக்குச் செவி கொடுத்த உங்களுக்கு நன்றி. வணக்கம்.