தட்டில் விழாத மூடிகள்

— கோவிச்சுக்காதீங்க டீச்சர். பள்ளிக்கூடத்துல சேத்து மாசக்கணக்காச்சு, என் பொண்ணு இன்னும் ‘அ’ எழுத மாட்டேங்குறா. என்னடி படிச்சேன்னு கேட்டா, பாட்டில் மூடி வெச்சு விளையாடினோம்ங்குறா.

— உக்காருங்க சார். பிள்ளைங்க நாற்காலிதான் இருக்கு, முட்டி இடிக்கும், பாத்து. காலையிலேர்ந்து நின்னு எனக்கும் கால் கெஞ்சுது.

— அச்சகத்துல நின்ன கால்தான் எனக்கும். நாள் முழுக்க மெஷினோட போட்டி போட்டுக் கத்திட்டு வரேன். சண்டை போடக்கூடத் தொண்டையில தெம்பு இல்ல.

— சண்டை வேண்டாம் சார். எழுதுறதுக்கு முன்னாடி ஒரு சொல்லு துண்டு துண்டா காதுல விழணும். அதுக்குத்தான் அந்த மூடி. ‘தக்காளி’ன்னு சொல்வேன். தக்... கா... ளி. துண்டுக்கு ஒரு மூடி தட்டுல போடணும்.

— மூணு மூடி. இதுல என்ன வித்தை இருக்கு?

— ‘வண்ணத்துப்பூச்சி’ சொல்லுங்க.

— வண்... ணத்... துப்... பூச்... சி. அட, ஒரு கை விரல் முழுசும் போயிடுச்சே!

— அவ்வளவுதான். தரையில வளையம் போட்டு, துண்டுக்கு ஒரு குதின்னு குதிக்கவும் வைப்பேன். உங்க பொண்ணு தப்பே விடமாட்டா. என்ன, மத்தவங்க குதிச்ச பிறகுதான் குதிப்பா. கூச்சம்னு நினைச்சேன்.

— பாத்தீங்களா, இங்க சமர்த்து. வீட்டுலதான் அழுத்தம். பின்னாடி நின்னு எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பமாட்டா. கத்தினாத்தான் காதுல ஏறும். போன ஞாயித்துக்கிழமை கையையே ஓங்கிட்டேன்.

— அவ திரும்பாததைப் பத்திப் பேசத்தான் உங்களை உக்காரச் சொன்னேன்.

— ஏன், இங்கயும் அடம் பிடிக்கிறாளா?

— இல்ல சார். அவ பக்கத்துல எப்பவும் ஒரு வாயாடி உக்காருவா. அந்தப் பொண்ணுக்கு ஜுரம், இன்னிக்கு வரல. நான் கைப்பொம்மையை முகத்துக்கு முன்னாடி பிடிச்சு, பொம்மை பேசுற மாதிரி ‘தக்காளி’ன்னேன். எல்லாரும் மூடி போட்டாங்க. உங்க பொண்ணு மூடியைக் கையில வெச்சுக்கிட்டுப் பக்கத்து இடத்தைப் பாத்தா. அங்க யாரும் இல்ல. அப்புறம் என்னைப் பாத்துச் சிரிச்சா.

— கவனம் எங்கயாவது இருந்திருக்கும்.

— நானும் அப்படித்தான் நினைச்சேன். பொம்மையை இறக்கிட்டு, என் வாய் தெரியற மாதிரி அதே சொல்லைச் சொன்னேன். டக்டக்னு மூணு மூடியும் தட்டுல விழுந்துடுச்சு.

— அட போங்க டீச்சர். தினமும் படுக்கையில கதை சொல்றேன். ‘ம்’ கொட்டுறாளே!

— விளக்கு எரியுமா?

— அணைச்சுடுவேன். அந்த நேரத்துக்கு எனக்குக் குரலே இருக்காது, முணுமுணுன்னுதான் சொல்வேன். அவ ‘ம்’னு சொல்லுவா. எதுக்கு ‘ம்’முன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல.

— அவ பேச்சுல சில எழுத்தை விழுங்குறாளே, கவனிச்சீங்களா?

— மழலைன்னு அவ அம்மா கொஞ்சுவா. போகப் போகச் சரியாயிடும்னு விட்டுட்டோம்.

— நான் டாக்டர் இல்ல. சளி அடைச்சிருந்தாக்கூட இப்படி ஆகும்பாங்க. சுலபமா சரியாகலாம், ஆகாமலும் போகலாம். காதைக் காட்டிடுங்க. தள்ளிப்போடாதீங்க.

— மூலையில கட்டை அடுக்கிட்டு இருக்கா, நம்ம பக்கம் முதுகு. இங்கேர்ந்து கூப்பிட்டுப் பாக்கவா?

— கூப்பிடுங்க. கத்தாம.

— பாப்பா... பாப்பாக்குட்டி...

— இன்னொரு தடவை.

— தங்கம், அப்பா வந்திருக்கேன்டா... திரும்பலையே டீச்சர். கொஞ்சிக் கூப்பிடுறப்போ எல்லாம் இந்தக் குரல்தானே எனக்கு.

— அவ எதிர்ல போய் உக்காருங்க. முகத்துக்கு நேரா, கிட்டக்க. சாதாரணமா, நிதானமாப் பேசுங்க.

— தங்கம்... கோபுரம் ரொம்ப நல்லா கட்டியிருக்கியே. அப்பாவோட வீட்டுக்குப் போலாமா?

— அப்பா! உங்களுக்குக் கத்தாம பேசக்கூட வருமா?