இருபது சதவீதத் தங்கம்

எனக்கும் சின்னவளுக்கும் ஒரு நாள்கூடச் சண்டை வந்ததில்லை, ஐயா. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டு மருமகள்கள், ஒரே அச்சகத்தில் வேலையும் பார்த்துக்கொண்டு, குரல் உயராமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அந்தப் பெருமையில் பாதியாவது எனக்குச் சேர வேண்டும்.

அச்சகம் மாமனாருடையது. இயந்திரமும் மையும் என் பொறுப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் மாமாவே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். வருகிறவர்களிடமெல்லாம், "எதுவா இருந்தாலும் எங்க பெரியவளைக் கேளுங்க" என்பார். பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணமாயிற்று. சின்னவள் வந்து கணினி முன்னால் உட்கார்ந்தாள். பெட்டிகளை அழகாக வடிவமைப்பாள், இல்லையென்று சொல்ல மாட்டேன். கொஞ்ச நாளிலேயே மாமா வாயில் பெரியவள் என்ற பேச்சே காணாமல் போயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் "சின்னவ சாப்பிட்டாளா?", எழுந்தால் "சின்னவ அந்த டிசைனை முடிச்சுட்டாளா?" எனக்கு வயிறு எரிந்தது. யாருக்குத்தான் எரியாது?

அப்போதுதான் அந்த மாத்திரைப் பெட்டி ஆர்டர் வந்தது. இதயத்துக்கான மாத்திரை. ஒரே மாத்திரையில் இரண்டு வீரியம். அதிக வீரியத்துக்குத் தங்கப் பட்டை, குறைந்ததற்கு வெள்ளிப் பட்டை. அளவு ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். வயதானவர்கள் பட்டையைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். பட்டையை முழு மையில் பளபளவென்று அடிப்பதுதான் வழக்கம். சின்னவளுக்கு அது பிடிக்கவில்லை. இருபது சதவீதமாகக் குறைத்தாள்.

சாதாரண மையை இருபது சதவீதத்தில் அடித்தால் பொடிப் பொடிப் புள்ளியாக விழுந்து, நிறம் இளசாகத் தெரியும். தங்க மையும் வெள்ளி மையும் அப்படியில்லை, ஐயா. அவற்றில் இருப்பது உலோகத் தூள். நெருங்கிப் படிந்தால்தான் மினுக்கும். புள்ளியாகச் சிதறினால் மினுக்கம் செத்துப்போகும். இரண்டும் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும். கணினித் திரையில் இது தெரியாது. மாதிரித் தாளிலும் தெரியாது, அதை வேறு மையில் எடுக்கிறோம்.

அவள் என்னிடம் வந்து கேட்டாள். இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

"அக்கா, முழுசா அடிச்சா கண்ணைக் குத்துது. இப்படிக் குறைச்சா மெஷின்ல சரியா வருமா?"

"ஜோரா வரும். போட்டுடு" என்றேன்.

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பெட்டிகள் திரும்பி வரும், மாமா அவளை நாலு வார்த்தை கேட்பார், அவ்வளவுதான் நினைத்தேன். ஆனால் மருந்துக் கம்பெனிக்காரர் இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்படி வைத்தால் லேசாக வித்தியாசம் தெரியும். தனியாகக் கையில் எடுத்தால்தான் தெரியாது. "அடக்கமா, ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமா அவள் தலையில் கைவைத்து, "எங்க வீட்டு அதிர்ஷ்டம்மா நீ" என்றார். நான் அங்கேதான் மை டப்பாவை மூடிக்கொண்டு நின்றேன்.

பிறகு எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் அச்சகத்துக்கு வந்தார். நான் மட்டும் இருந்தேன்.

"ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரி இருக்கும்மா. ஒரு அம்மாவுக்கு மாத்திக் கொடுத்துட்டேன். மயங்கி விழுந்து, நல்லவேளை பொழச்சுக்கிட்டாங்க. மாமாகிட்ட சொல்லி உடனே நிறுத்துங்க."

"நான் பாத்துக்கறேன் அண்ணே" என்று அனுப்பி வைத்தேன்.

மாமாவிடம் சொல்லவில்லை. ஒரு மயக்கத்துக்கு அவளை என்ன சொல்லிவிடப் போகிறார்? "போனா போகுதும்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்பார். எனக்கு அது போதாது. அடுத்த ஆர்டர் வந்தது. அதையும் நானே இயந்திரத்தில் ஏற்றி, ஒரு தாள்கூட வீணாகாமல் அடித்துக் கொடுத்தேன்.

இறந்தவர்கள் நான்கு பேர் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவர்கள் யாரோடும் எனக்கு விரோதம் கிடையாது.

விஷயம் வெடித்ததும் சின்னவள் என்ன செய்தாள் தெரியுமா? என் பேச்சையே எடுக்கவில்லை. அக்காவைக் கேட்டுத்தான் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "தப்பு என்னோடதுதான் மாமா" என்று எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நின்றாள். மாமா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பெத்த பொண்ணுகூட இவ்வளவு நேர்மையா இருக்க மாட்டா" என்றார். வக்கீல் வைக்க வீட்டை விற்கப் போகிறாராம். இப்போதும், நீங்கள் இங்கே பிடித்து வைத்திருக்கிற அவளுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் அவரைத் தாண்டித்தான் உள்ளே வந்தேன். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த நான்கு பேர் சாவுக்கும் நான்தான் காரணம், ஐயா, அவள் இல்லை. மனசாட்சி உறுத்தியதால் சொல்ல வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கதவை மட்டும் கொஞ்சம் திறந்து வையுங்கள். மாமா காதில் விழட்டும்.