பதிவான எண்

என் தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். அது ஆறுவதற்குள் அன்றைய முதல் போனைப் பேசி முடித்துவிடுவேன். எங்கள் நைரோபி அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பாடப் படங்களுக்குப் பல மொழிகளில் குரல் சேர்ப்பது எங்கள் தொழில். குரல் கொடுப்பவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருந்தபடி ஒப்பந்தத்துக்கு வேலை செய்கிறவர்கள். அவர்களுக்குப் பணம் பத்திரமாகப் போய்ச் சேர வேண்டியது என் பொறுப்பு. கணக்கை மாற்றிவிட்டேன் என்று யாராவது எழுதினால், பதிவான எண்ணுக்கு நானே கூப்பிடுவேன். அவர்கள் முன்பு சொல்லிவைத்த ரகசியக் கேள்வியைக் கேட்பேன். பதில் சரியாக இருந்தால்தான் பணம் போகும். இந்த முறையைக் கொண்டுவந்தவனே நான்தான்.

கொண்டுவந்ததற்குக் காரணம் உண்டு. மணிலாவிலிருந்து வந்த ஒரு பொய் மின்னஞ்சலை நம்பி, கூப்பிட்டுக் கேட்காமலே அனுப்பி ஏமாந்தேன். சம்பளத்தில் பிடித்தார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். மதியம் உகாலிக் களியைப் பிசைந்துகொண்டே பக்கத்து மேசை மொராரா செய்த கேலிதான் தாங்கவில்லை. "காயெம்பா, நான் உன் மணிலா சித்தி பேசறேன். கணக்க மாத்திட்டேன், கொஞ்சம் அனுப்பி வைப்பா." எல்லோரும் சிரித்தார்கள், பரிமாறுகிற பெண் உட்பட. இனி எவனும் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

கேமரூன் நாட்டு டூவாலா நகரத்து ஒர்தான்ஸ் எங்களிடம் சேர்ந்தபோது மாசமாக இருந்தாள். ரகசியக் கேள்வி என்ன வைக்கலாம் என்று கேட்டேன். பிறக்கப்போகும் பிள்ளையின் பெயர் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எக்வாலா. என் புருஷனுக்கே இன்னும் சொல்லல அண்ணா, உங்களுக்குத்தான் முதல்ல" என்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிரசவம் முடிந்து, தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டாள். அது நர்ஸுடைய போன். வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்திருக்கிறார்கள்; புருஷன் கப்பல் வேலைக்குப் போனவன், சேதி இல்லை; கட்டணம் கட்டாததால் ஆஸ்பத்திரி அவளை வெளியே விடவில்லை. அவள் போனையும் அடகாக வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார்கள். நாங்கள் அனுப்பும் பணம் விழுவது அந்தப் போனில் இருக்கும் கணக்கில்தான்.

"காசு கட்டினாத்தான் போன் தருவாங்க. போன் இருந்தாத்தான் காசு எடுக்க முடியும். எனக்கு வர வேண்டியத என் தங்கச்சி ரெஜின் கணக்குக்கு அனுப்பிடுங்க அண்ணா. கேள்வியக் கேக்கவே வேணாம், நானே சொல்றேன். எக்வாலா. பக்கத்துலதான் படுத்திருக்கான்."

"இது வேற எண்ணா இருக்கேம்மா. உங்க எண்ணுலேர்ந்து கூப்பிடுங்க."

"அது பூட்டிக் கெடக்குன்னுதானே சொல்றேன்."

அந்த எண்ணுக்கே கூப்பிட்டுப் பார்ப்பதாகச் சொன்னேன். வாக்குத் தவறவில்லை. தினமும் காலையில் தேநீரை எடுத்து வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். அணைத்துவைக்கப்பட்டிருப்பதாக வந்தது. பதில் இல்லை என்று கோப்பில் எழுதினேன். தங்கையின் கடைசிப் பெயர் வேறாக இருந்ததால், பெயர் பொருந்தவில்லை என்றும் எழுதினேன். நானும் மகோகாவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். எங்கள் கடைசிப் பெயர்களும் பொருந்தாது. எங்கள் பக்கத்தில் யாருடையதும் பொருந்தாது.

மேலாளர் ஜெப்தூ மேடம் கையெழுத்துப் போட்டால் விதியைத் தளர்த்தலாம். அவரே ஒருநாள், டூவாலாப் பெண்ணுக்கு அனுப்பியாயிற்றா என்று விசாரித்தார். சரிபார்ப்பில் இருக்கிறது என்றேன். "நீ இருக்கறதாலதான்பா நான் நிம்மதியாத் தூங்கறேன்" என்றார். மொராராவும் அப்போது அங்கே இருந்தான்.

பணம் கட்டாத தாய்மார்கள் வார்டின் பின்பக்கம் தரையில் படுத்துக்கொள்வார்களாம். வாசலில் காவல். இருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் கட்டணம் ஏறும். இதெல்லாம் அவள் இரண்டாவது முறை கூப்பிட்டபோது சொன்னது. பிள்ளைக்குச் சளி கட்டியிருந்தது. அது மூச்சு இழுப்பது எனக்குக் கேட்டது.

"என் குரல் உங்களுக்குத் தெரியாதா அண்ணா?"

ஓடிக்கொண்டிருந்த, கை கழுவுவதைப் பற்றிய பாடப் படத்தை அவள் போனுக்காக அப்போதுதான் நிறுத்தியிருந்தேன். அதில் பேசுகிறவள் அவள்தான்.

"யார் குரல்ல வேணும்னாலும் யாரும் பேசலாம்மா" என்றேன்.

நானும்தான் மாட்டிக்கொண்டிருந்தேன் என்பதை நீங்கள் யோசிக்க வேண்டும். இப்போது அனுப்பினால், முதல் நாளே ஏன் அனுப்பவில்லை என்ற கேள்வி வரும். நாள் ஆக ஆக அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. அவள்தான் என்பது எனக்கு எப்போது தெரியும் என்று கேட்கிறீர்கள். நர்ஸ் போனில் "அண்ணா" என்றாளே, அப்போதே தெரியும்.

பிறகு ஒரு காலையில் பதிவான எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது.

"ஒர்தான்ஸ் பேசறேன். பிள்ள போயிட்டான். வார்டுப் பொம்பளைங்க காசு சேத்துக் கட்டுனாங்க. போனக் குடுத்துட்டாங்க."

வருத்தம் தெரிவித்தேன். மனதாரத்தான் தெரிவித்தேன். ஆனால் எண் பொருந்தினால் மட்டும் போதாது. முறை என்று ஒன்று இருக்கிறது. பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

பெயரைச் சொன்னாள்.

பதில் சரியாக இருந்தது. தேநீர் ஆறுவதற்குள் அனுப்பிவிட்டேன், உரியவள் கைக்கே.