ஏற்றிவிட்ட கண்ணாடி

இந்த அறையில் ஏசி நன்றாக வேலை செய்கிறது, மேடம். அரசாங்கக் கட்டடத்தில் இதை நான் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன், காற்று நேராகத் தலையில் அடிக்கிறது.

நான் லிப்டு கம்பெனியில் இருக்கிறேன். லிப்டு பொருத்துகிற ஆள் இல்லை, புகார் வாங்குகிற ஆள். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் பொத்தானை அழுத்தினால் என் மேசையில் மணி அடிக்கும். கத்துவார்கள், அழுவார்கள், என் பரம்பரையையே இழுப்பார்கள். நான் குரலை உயர்த்த மாட்டேன். "ஆள் கிளம்பிட்டாங்க. உள்ள காத்து வரும், பயப்படாதீங்க. கதவை மட்டும் நெம்பாதீங்க" என்பேன். ஆள் கிளம்பியிருக்கமாட்டான், எங்கேயாவது டீ குடித்துக்கொண்டிருப்பான். அது வேறு விஷயம். என் குரலைக் கேட்டால் அடங்கிவிடுவார்கள். அந்தக் குரலுக்காகத்தான் என்னை இன்னும் அந்த மேசையில் வைத்திருக்கிறார்கள்.

மின்சாரக் கார் வாங்கலாம் என்று நான் முடிவு செய்தபோது வீட்டில் என் பக்கம் நின்றவர் மாமா ஒருவர்தான். மாமா என்றால் என் மாமனார். மச்சான், அதாவது அவருடைய மகன், என் மனைவிக்கு அண்ணன், விழுந்து விழுந்து சிரித்தான். "பொம்மைக் காருக்குச் செல் போடுற மாதிரி இதுக்கும் செல் போடணுமா மாப்ளே?" என்றான். அன்றிலிருந்து எனக்கு வீட்டில் பேர் பேட்டரி. அவன் பிள்ளைகள்கூட "பேட்டரி மாமா வந்துட்டார்" என்று கதவைத் திறப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள். அவள் சிரித்ததுதான் எனக்கு உறைத்தது.

மாமா சிரிக்கவில்லை. அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து, டயரைக் கையால் தட்டிப் பார்த்து, "சத்தமே இல்லாம ஒரு வண்டி. நான் முப்பது வருஷம் இஞ்சின் சூட்டுல வெந்தவன், எனக்குத் தெரியும் இதோட அருமை" என்றார். அந்தச் சூட்டை அவரே சொன்னார், நானாகச் சேர்க்கவில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏசி படுத்த ஆரம்பித்தது வெயில் காலத்தில். காலையில் ஜில்லென்று இருக்கும், வெயில் ஏறினால் மூச்சுவிடுவதுபோல வெதுவெதுவென்று வரும். சர்வீஸ் சென்டரில் ஒரு மெக்கானிக் பொறுமையாக விளக்கினான். மின்சாரக் காரில் பேட்டரியைக் குளிர்விப்பதும் அதே ஏசிதானாம். பேட்டரி சூடானால் குளிர் முதலில் அதற்குத்தான் போகுமாம், மிச்சம் இருந்தால்தான் நமக்காம். "கம்ப்ரசர் மாத்தணும் சார், சொல்லி வெச்சிருக்கோம், வந்ததும் கூப்பிடுறோம். அதுவரைக்கும் வெயில்ல ரொம்ப தூரம் எடுக்காதீங்க" என்றான். அவன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. நல்ல பையன்.

வீட்டில் யாருக்கும் நான் சொல்லவில்லை. சொன்னால் மச்சானுக்கு அல்வா சாப்பிட்டது மாதிரி. ஒரு தடவை அவனைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போக வேண்டிவந்தபோது, ஃப்ரீசரில் உறையவைத்த தண்ணீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி முன்சீட்டுக்கு அடியில் அடுக்கிவைத்தேன். பரவாயில்லையே, சில்லுன்னு இருக்கே என்றான். இறங்கும்போது அவன் செருப்பு நனைந்திருந்தது. மழைத் தண்ணீர் என்றேன். எந்த மழை என்று அவன் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்குப் பூராவும் சந்தோஷமாக இருந்தது.

பிறகு என் மைத்துனிக்கு, மனைவியின் தங்கைக்கு, குழந்தை பிறந்தது. அவள் இருப்பது வேறு ஊரில், பகல் முழுக்கப் போகிற தூரம். என் மனைவி ஒத்தாசைக்கு முன்னாடியே போய்விட்டாள். நாங்கள் பின்னால் கிளம்ப வேண்டும். மச்சான் தன் டீசல் வண்டியில் மனைவி பிள்ளைகளோடு. நான் என் வண்டியில். மாமாவை எதில் ஏற்றுவது என்று பேச்சு வந்தது. "அப்பா என்கூட வரட்டும். பேட்டரி நடுவழியில நின்னா அப்பாவா இறங்கித் தள்ளுவார்?" என்றான் மச்சான். எல்லாரும் சிரித்தார்கள். மாமா தன் பையை எடுத்துக்கொண்டு நேராக வந்து என் பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். அவருக்கு முழங்கால் வலி, மடக்கி உட்கார முடியாது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மேடம். பெற்ற அப்பா எனக்கு அப்படி ஒரு நாளும் செய்ததில்லை. இந்த மனுஷரை வழியில் எங்கும் நிற்காமல் கொண்டுபோய் இறக்குவது என்று அப்போதே முடிவு செய்தேன். அவருக்காகத்தான் முடிவு செய்தேன்.

பாதி தூரம்வரை சுகமாகப் போனோம். சாப்பிட ஓர் உணவகத்தில் இரண்டு வண்டிகளையும் நிறுத்தினோம். அங்கே சார்ஜ் ஏற்றிக்கொண்டேன், அது ஏற்கெனவே போட்ட திட்டம்தான், நின்றுபோனதாகக் கணக்கில் வராது. அதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததை மச்சான் பார்த்துவிட்டான். "என்னப்பா இது, ஏசி ஓடுதா இல்லையா?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார். "அதெல்லாம் ஜம்முனு ஓடுது. இந்த சாம்பார்தான் காரம்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே என்னைக் காப்பாற்றினார்.

அதற்குப் பிறகு நான் எப்படித் தோற்கமுடியும், சொல்லுங்கள்.

மறுபடியும் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் வண்டியின் திரையில் ஆமைப் படம் வந்தது. பேட்டரி சூடாகிவிட்டது, இனி வேகம் கிடைக்காது என்பதற்கு அது அடையாளம். அந்தப் படத்தை வரைந்தவன் எனக்கு எதிரே வந்தால் நாலு வார்த்தை கேட்பேன். மிதித்தால் வண்டி இழுக்கவில்லை. பின்னால் மச்சான் ஹாரன் அடித்தான், ஒருமுறை பக்கத்தில் வந்து என்ன என்பதுபோலக் கையை ஆட்டிவிட்டு மறுபடி பின்னால் போனான். அவன் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திச் சிரித்தார்கள்.

அப்போதும் உள்ளே காற்று வந்துகொண்டுதான் இருந்தது. ஜில்லென்று இல்லை. ஆனால் வந்தது. இருக்கிற குளிரை பேட்டரியும் நாங்களும் பங்குபோட்டுக்கொண்டிருந்தோம். பங்கு போடுவதை நிறுத்தினால் பேட்டரிக்கு முழுதாகக் கிடைக்கும். நான் திரையைத் தொட்டு உள்ளே வரும் ஏசியை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஆமை போய்விட்டது. வண்டி பழையபடி பறந்தது. மச்சான் கண்ணாடியில் சின்னதாகிப்போனான்.

மாமா ஜன்னலை இறக்கப் பார்த்தார். பின்சீட்டுக் கண்ணாடியைப் பூட்டுகிற பொத்தான் என் கதவில் இருக்கிறது, சின்னப் பிள்ளைகள் கையை நீட்டாமல் இருக்க வைத்திருப்பது. அதை அழுத்தினேன். ஏன் என்று கேட்பீர்கள். கண்ணாடியை இறக்கினால் காற்று தடுத்து சார்ஜ் கூடுதலாகச் செலவாகும். அது உண்மைதான். ஆனால் நான் அழுத்தியது அதற்காக இல்லை. இந்த வெயிலில் ஒரு வண்டி கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனால் பின்னால் வருகிறவனுக்கு என்ன அர்த்தம்? ஏசி செத்துவிட்டது என்று அர்த்தம். மச்சான் மறுபடியும் எட்டிப் பிடித்துவிட்டான், மூன்று வண்டி தள்ளித்தான் வந்துகொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் காத்து வேணும்" என்றார் மாமா.

"வரும் மாமா. பயப்படாதீங்க" என்றேன்.

என்னுடைய மேசைக் குரலில்தான் சொன்னேன். அவர் அடங்கிவிட்டார். ஓட்டுகிறவனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அவருக்குத் தொழிலில் ஊறிப்போன பழக்கம். பஸ்ஸில் டிரைவரிடம் பேச்சுக் கொடுக்கிறவர்களை அவர் கையைக் காட்டியே பின்னால் அனுப்பிவிடுவாராம். வேறு யாராக இருந்தாலும் என் தலைமுடியைப் பிடித்து இழுத்திருப்பார்கள். அவர் தண்ணீர் பாட்டிலைக் காலிசெய்தார், துண்டால் முகத்தைத் துடைத்தார், சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். நானும் அதே வெயிலில்தான் இருந்தேன், என் சட்டையும் நனைந்துதான் இருந்தது. ஆனால் என் வயது வேறு, அவர் வயது வேறு. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

பிறகு, "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. ஓரமா நிறுத்துனா நான் பையன் வண்டிக்கு மாறிக்கிறேன். தலை சுத்துது" என்றார். தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று கேட்டுவிட்டுச் சொல்கிறார், பாருங்கள். அவ்வளவு மரியாதை. நான் வேகத்தைக் குறைக்காததைப் பார்த்து, பையிலிருந்து போனை எடுத்து அவரே மகனுக்குப் போடப் பார்த்தார். விரல் நடுங்கி எண் தப்புத்தப்பாகப் போனது. "போனைக் கொடுங்க மாமா, நான் பேசுறேன்" என்று கையைப் பின்னால் நீட்டினேன். கொடுத்துவிட்டார். அதை என் கதவுப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவர் முனகியதற்கு நான் பாட்டு வைத்தேன். சத்தமாக இல்லை, அளவாக. ஒரு கட்டத்தில் அந்தப் போன் அடித்தது, மச்சான்தான். எடுத்து, மாமா தூங்குகிறார் என்றேன். கண்ணாடியில் பார்த்தேன், கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. வியர்வை நின்றுவிட்டிருந்தது. வியர்வை நின்றால் உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தேன் என்று உங்கள் போலீஸ் ஆட்களிடம் அன்றைக்குச் சொன்னேன். லிப்டு கம்பெனியில் எங்களுக்கு வருஷா வருஷம் முதலுதவி வகுப்பு உண்டு. வியர்வை நின்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இன்னும் போகவேண்டியது கொஞ்ச தூரம்தான் இருந்தது.

மைத்துனி வீட்டு வாசலில் முதலில் போய் நின்றது என் வண்டி. என் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். அவள் முகத்தில் பெருமை இருந்தது, மேடம். நாங்கள் கல்யாணம் செய்த நாளிலிருந்து நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. பின்னாலேயே மச்சான் வந்து இறங்கி, அப்பாவை எழுப்புவதற்காகப் பின்கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து வந்த அனலில் ஓரடி பின்வாங்கினான்.

"என்ன மாப்ளே, உள்ள இப்படிக் கொதிக்குது? ஏசி ஓடலையா?"

"இப்பத்தான் நின்னுச்சு" என்றேன்.

நான் சொன்ன ஒரே பெரிய பொய் அதுதான். எல்லாரும் அதை நம்பினார்கள். டாக்டர் நம்பினார், உங்கள் ஆட்கள் நம்பினார்கள். ஏசி பழுதானதால் ஏற்பட்ட மரணம் என்று எழுதி முடித்தும்விட்டார்கள். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க மேல என்னங்க தப்பு, மிஷின் செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க என்று அழுதாள். நானும் அழுதேன். பொய்யாக அழவில்லை. அந்த மனுஷரைப்போல எனக்கு யாரும் இல்லை. இனிமேலும் யாரும் வரப்போவதில்லை.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, யாரும் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் மச்சான். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும், "அந்த பேட்டரி டப்பாதான் எங்கப்பாவைக் கொன்னுச்சு. நான் அப்பவே சொன்னேன், கேட்டாங்களா?" என்கிறான். என் எதிரிலேயே சொல்கிறான். வருகிறவர்கள் தலையை ஆட்டுகிறார்கள். என் மனைவியும் ஆட்டினாள். அவள் ஆட்டியதைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை.

நான் மன்னிப்புக் கேட்க வரவில்லை, மேடம். அப்படி என்னைப் பார்க்காதீர்கள். ஏசியை அணைத்தது என் விரல். கண்ணாடியைப் பூட்டியது என் விரல். போனை வாங்கி வைத்துக்கொண்டதும், நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாததும் நான்தான். அவர் செத்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துதான் ஓட்டினேன். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் போடுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால், வண்டியில் கோளாறு என்று எழுதியிருக்கிற அந்த வரியை அடித்துவிடுங்கள்.