இடப்பக்கச் சுவரில் ஒரு கைப்பிடி

குளியலறை கட்டும்போது எல்லோரும் டைல்ஸ் நிறத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டேன். அதனால்தான் உங்கள் அறிக்கையில் 'குழாய் அமைப்பில் கவனக்குறைவு' என்று இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பிளம்பரைப் பிடித்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்களாம். அவரை விட்டுவிடுங்கள். அவர் நான் வரைந்த கோட்டின் மேல் குழாய் பதித்தார், அவ்வளவுதான்.

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் வராமல் போன பிறகு, பழைய குளியலறை அவருக்குச் சரிப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து குளிக்கிற மாதிரி இடித்துக் கட்ட வேண்டும் என்று அண்ணி சொன்னார். யார் திட்டம் போடுவது என்ற பேச்சு வந்தபோது அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார்.

"அரைகுறையே பாத்துக்கட்டும். சயின்ஸ் படிச்சவதானே. இதையாவது முழுசா முடிக்கிறாளான்னு பாப்போம்."

அரைகுறை என்பது வீட்டில் என் பெயர். நான் மேல்படிப்பில் இருந்தபோது, அண்ணிக்குப் பிரசவம், வீட்டைப் பார்க்க ஆள் இல்லை என்று அண்ணன் கல்லூரிக்கே வந்து என்னைக் கூட்டிப்போனார். குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போனது. நான் திரும்பப் போகவில்லை. அப்புறம் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், இவள் எதை எடுத்தாலும் முடிக்க மாட்டாள் என்று சொல்லிச் சிரிப்பார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. நானும் கூடவே சிரித்திருக்கிறேன். அண்ணியைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த வீட்டில் ஒரு விஷயத்தை என் முடிவுக்கு விட்டது அதுதான் முதல் தடவை. செங்கல் தெரிந்த சுவரில் சாக்பீஸால் வரைந்தேன். கீசருக்கு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து தனிக் குழாய். ஷவருக்குப் போகும் பச்சைத் தண்ணீருக்கும் சமையலறைக்கும் சேர்த்து ஒரே மெல்லிய குழாய்.

பிளம்பர் தலையைச் சொறிந்தார். "அங்க பாத்திரம் கழுவினா இங்க சுடுதண்ணி மட்டும்தான்மா வரும். உள்ள இருக்கறவர் வெந்துடுவார்."

அண்ணன் குளிக்கும்போது சமையலறைக் குழாயை யாரும் தொட மாட்டோம் என்றேன். வீட்டில் அதை ஒரு சட்டமாகவே ஆக்கினேன். அண்ணி ஒரு நாளும் மீறியதில்லை. கை அலம்பக்கூடப் பின்பக்கம் போவார்.

ஷவரைத் திறந்து மூடும் கைப்பிடியை இடப்பக்கச் சுவரில் வைத்தேன். வலப்பக்கம் ஜன்னல் இருக்கிறதே என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

வேலை முடிந்ததும் சோதித்துப் பார்த்தேன். வீட்டில் யாரும் இல்லாதபோது சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு வந்து, ஷவருக்கு அடியில் என் கையை நீட்டினேன். கொதிக்கிற பால் கொட்டிவிட்டது என்று அண்ணியிடம் சொன்னேன். அவர்தான் மருந்து போட்டுக் கட்டிவிட்டார். தழும்பு இதோ இருக்கிறது. இதற்குப் பெயர் கவனக்குறைவா?

அண்ணனுக்குப் புதுக் குளியலறை பிடித்துப்போனது. "பரவாயில்லையே, அரைகுறை முக்காலாயிடுச்சு" என்றார். மீதிக் கால் என்னவென்று நான் கேட்கவில்லை.

அன்று காலை அண்ணி அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீரைப் பதமாகத் திருப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, துணி உலர்த்த மாடிக்குப் போனார். நான் சமையலறையில் இருந்தேன். கழுவுகிற தொட்டியில் ஒரு பாத்திரம் கிடந்தது. குழாயை முழுவதும் திறந்தேன்.

அண்ணன் கூப்பிட்டார். முதலில் அரைகுறை என்றார். பிறகு என் பெயரைச் சொன்னார். அது அவருக்கு நினைவிருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழவில்லை என்று உங்களிடம் சொல்லிவிடலாம். விழுந்தது.

கோபமா என்று கேட்கிறீர்கள். இல்லை. கோபத்தில் செய்கிறவர்கள் நடுவில் பயந்து நிறுத்திவிடுவார்கள். அந்தப் பாத்திரம்கூட அண்ணி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததுதான். நான்தான் எடுத்துத் தொட்டியில் போட்டேன். அண்ணி இறங்கி வந்து கதவைத் திறந்தபோது அண்ணனிடம் மூச்சு இல்லை. நான் அப்போதும் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது தப்பு. எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அறிக்கையில் அதை மட்டும் திருத்திவிடுங்கள்.