அடைத்து விற்ற குடம்

வெடித்த குடத்தை அடைத்து, நல்ல வீணையென்று கொடுத்தார் சிவக்கொழுந்து ஆசாரி. நடந்தது அதுதான்.

நம்ம பாட்டனுக்குப் பாட்டன் அரைஞாண் கட்டாத காலம். ஊர் வெண்ணிக்குடி. அம்மன் கோயிலில் நவராத்திரிக்குப் புது வீணை கேட்டார்கள். பலாமரம் ஈரம் வற்றி ஆற வருஷக்கணக்காகும். ஆசாரிக்குப் பொறுமை இல்லை. பச்சை மரத்தையே குடைந்தார். வீணையின் வயிறான குடத்தில் மயிர் கனத்துக்கு ஒரு வெடிப்பு. மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்தார். மேலே மெருகு போட்டார்.

முதல் நாள் வீணை பேசியது. இரண்டாம் நாளும் பேசியது. மூன்றாம் நாள் உள்ளே வண்டு அடைத்த மாதிரி கரகரத்தது.

வாசித்தவள் ஞானாம்பாள். இருபது வருஷமாக அந்தச் சந்நிதியில் வாசிக்கிறவள். தர்மகர்த்தா சொன்னாராம்: "புது வீணைமேல பழி போடாதே. உன் கைக்கு வயசாச்சு. நாளைக்கு வேற ஆளு."

அவள் நேரே பட்டறைக்கு வந்தாள்.

"ஆசாரியாரே, நீங்க சொன்னா கேப்பாங்க. மரத்துல ஏதும் குத்தமா?"

ஆசாரி உளியைப் பார்த்தார். "மரம் சுத்தம் அம்மா."

"அப்ப என் கைதான்." போய்விட்டாள்.

அன்றைக்கு ஆசாரியைப் பிடித்தது உறுத்தல். தெருவில் அவள் வந்தால் சந்தில் நுழைவார். விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே அவள் நடப்பாளாம். ஆசாரி கோயில்வரை போனார். சொல்லவில்லை, திரும்பினார். மறுநாளும் போனார். சொல்லவில்லை, திரும்பினார்.

வாசலில் மருமகள் நின்றாள். "கோயிலுக்குப் போகக் காலு இருக்கு. சொல்ல வாயி இல்லையா மாமா?"

"எதைச் சொல்ல?"

"பசை காய்ச்சிக் குடுத்தது நான்தானே."

"பட்டறைப் பேரு கெட்டுப்போகும் புள்ளே."

"அந்தம்மா பேரு கெட்டது பரவாயில்லையாக்கும்."

ஆசாரி அவளைத் தாண்டி உள்ளே போனார்.

மருமகளே போய்த் தர்மகர்த்தாவையும் ஞானாம்பாளையும் அழைத்துவந்தாள், வீணையோடு. மாமனாரிடம் உளியை நீட்டினாள். குடத்தின் மேல்பலகையை அவர் நெம்பி எடுத்தார். உள்ளே ஓர் அகல்விளக்கை இறக்கி, பலகையை மூடி, கதவைச் சாத்தினாள். இருட்டில், குடத்தின் வயிற்றில் பசை உதிர்ந்த இடத்தில் தங்கக் கம்பி மாதிரி ஒரு கோடு எரிந்தது.

"தெரிஞ்சேதான் குடுத்தேன்" என்றாராம் ஆசாரி.

ஞானாம்பாள் அவரைத் திட்டவில்லை. தன் விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் பழைய வீணையோடு சந்நிதியில் உட்கார்ந்தாள். ஆசாரி சாகும்வரை கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றே கேட்டார் என்பார்கள். முன்னே வரவில்லை.

வெண்ணிக்குடியில் இன்றைக்கும் மேல்பலகை ஒட்டுமுன் வீணை வாங்குகிறவரைக் கூப்பிடுவார்கள். கதவைச் சாத்தி, குடத்துக்குள் விளக்கு வைத்துப் பலகையால் மூடுவார்கள். வெளிச்சம் கசிந்தால் மரம் அடுப்புக்கு. விளக்கை ஏற்றும்போது ஒரு பேர் சொல்வார்கள். ஆசாரி பேர் இல்லை. மருமகள் பேர். தைலம்மை.