ஒற்றை வெட்டு கேஸ்கெட்டும் எழுதாத அளவும்

பெயரும் விலாசமும் இந்தத் தாளின் தலைப்பில் ஆய்வாளர் குறித்துக்கொண்டபடியே. வயது ஐம்பத்து மூன்று. இயந்திரவியலில் பட்டயம் பெற்றவன். என் தகப்பனார் ஆரம்பித்த இன்ஜின் பட்டறையின் பின்னறையில் லேத், கிரைண்டிங் வேலை செய்கிறேன். சலவை நிலையத்து வேன் விபத்து குறித்த இதே வழக்கில் கடந்த எட்டாம் தேதி மாலை நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு விவரம் உண்மையல்ல என்பதால், யாரும் அழைக்காமல் நானாகவே இன்று பன்னிரண்டாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

பட்டறையின் முன்னறையில் இன்ஜின் பூட்டுகிறவர் என் தங்கையின் கணவர். வருகிறவர்கள் எல்லோரும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிடுவார்கள். பட்டயம் வாங்கியவன் நான். பெயர்ப்பலகைக்குக் கீழே உட்கார வைக்கப்பட்டவர் அவர். ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு இன்ஜினின் அளவுகளை மறுபடி ஒருமுறை பார்க்கச் சொன்னேன். அதற்கு அவர் நான்கு ஓட்டுநர்கள் முன்னிலையில், "மச்சானுக்கு பேப்பர்ல ஓடினா போதும், எனக்கு ரோட்டுல ஓடணும்ல" என்றார். அவர்கள் சிரித்தார்கள். ஒருவர் சிரித்த சிரிப்பில் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அன்றிலிருந்து நானும் மாப்பிள்ளையும் பேசுவதில்லை.

பேசாமல் வேலை எப்படி நடந்தது என்று ஆய்வாளர் கேட்டதற்குச் சொல்கிறேன். இன்ஜினின் மேல்மூடியான ஹெட் சூட்டில் வளைந்து வந்தால், அதன் அடிப்பரப்பை நான் கிரைண்டிங்கில் சீவி மட்டமாக்குவேன். எவ்வளவு சீவினேன் என்பதை ஹெட்டின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதி, இரண்டு அறைகளுக்கும் நடுவில் உள்ள மேடையில் வைப்பேன். எதுவும் எழுதாவிட்டால் சீவவில்லை, மட்டம் மட்டும் பார்த்தது என்று அர்த்தம். எப்படியிருந்தாலும் பரப்பை எமெரித் தாளால் தேய்த்தே கொடுப்பதால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. இதை நாங்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை, அப்படியே பழகிவிட்டது. இந்த வேனுக்கு முன்புவரை, சீவிய ஹெட் எதையும் ஆறு வருடமாக அளவு எழுதாமல் நான் கொடுத்ததில்லை.

ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் தகடு கேஸ்கெட். அதன் கனத்தை ஓரத்தில் உள்ள வெட்டுகளைக் கொண்டு அறியலாம். இந்த வகை வேனுக்கு ஒரு வெட்டு என்றால் 1.2 மில்லிமீட்டர், இரண்டு என்றால் 1.4, மூன்று என்றால் 1.6. மெல்லிய கேஸ்கெட் போட்டால் காற்று அமுங்கும் இடம் சிறிதாகி, கம்ப்ரஷன் ஏறி, இழுவை கூடும். இரண்டு வெட்டு இருந்த இடத்தில் ஒரு வெட்டு போடுவது மாப்பிள்ளையின் வழக்கம். "மாப்பிள்ளை கை பட்டா வண்டி பிச்சுக்கிட்டுப் போகுது" என்று ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். சீவாத ஹெட்டில் அது தாங்கும். சீவிய ஹெட் ஏற்கெனவே கீழே இறங்கியிருப்பதால் அதில் தாங்காது. கம்ப்ரஷன் மட்டுமல்ல, வால்வுகள் திறந்து மூடும் நேரமான டைமிங்கும் மாறும். ஹெட்டில் இருந்து வால்வுகளை இயக்கும் கேம் தண்டு, கீழே பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் கிராங்க் தண்டை நெருங்கி வருவதால் இரண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட் அந்த அளவுக்குத் தளர்கிறது. அந்தத் தளர்ச்சியை, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்வதால் கேம் ஒரு டிகிரிக்கு மேல் பின்தங்குகிறது. புகையை வெளியேற்றும் வால்வு தாமதமாக மூடி, மேலே ஏறி வரும் பிஸ்டனுக்கு மிக அருகில் நிற்கிறது. மெதுவாக ஓடும்போது இது தெரியாது, வேகம் ஏறினால் இடிக்கும்.

இம்மாதம் நான்காம் தேதி சலவை நிலையத்து வேனின் ஹெட் என்னிடம் வந்தது. வளைவு நீங்க 0.3 மில்லிமீட்டர் சீவினேன். அதன் பிறகு எழுதுவதற்காகச் சாக்பீஸைக் கையில் எடுத்தேன். அந்தச் சமயம் முன்னறையில் வேன் ஓட்டுநர், "பின்னாடி இருக்காரே, அவர் யாருண்ணே? வந்ததுலேருந்து வாயே தொறக்கல" என்று கேட்டார். அதற்கு மாப்பிள்ளை, "அது எங்க பட்டறையோட ஊமை மெஷினு. வேலை சுத்தமா இருக்கும், சத்தம்தான் வராது" என்றார். இருவரும் சிரித்தார்கள். நான் சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஹெட்டை அப்படியே மேடையில் வைத்தேன்.

மறுநாள் காலை மாப்பிள்ளை அந்த ஹெட்டைச் சுற்றிலும் திருப்பிப் பார்த்தார். எழுத்தைத் தேடினார் என்பது எனக்குத் தெரியும். அதன் பிறகு, பழைய இரண்டு வெட்டு கேஸ்கெட்டுக்குப் பதில் ஒரு வெட்டு கேஸ்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு பிளாக்கின் மேல் வைத்தார். நான் ஐந்தடி தூரத்தில் நின்றிருந்தேன். சீவியது 0.3, கேஸ்கெட்டில் குறைந்தது 0.2, ஆக மொத்தம் அரை மில்லிமீட்டர் என்று கணக்கு தானாகவே என் மனதில் ஓடியது. முதல் ஓட்டத்தில் வேகம் கூட்டியதுமே இன்ஜின் தட்டும், ஓட்டுநர் முன்னால் அவர் மறுபடி பிரிக்க வேண்டி வரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் மாலையில் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஓட்டுநர், "பட்டு மாதிரி ஓடுதுண்ணே" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துப் போனார். அது தட்டாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

எட்டாம் தேதி முற்பகலில் அந்த வேன் துணிமூட்டைகளுடன் மேட்டுத் தெருச் சரிவில் இறங்கும்போது, ஓட்டுநர் கியரைக் குறைத்ததில் இன்ஜின் வேகம் ஏறி, வால்வு பிஸ்டனில் அடித்து முறிந்தது. இன்ஜின் இறுகி, பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, வேன் சறுக்கிச் சுவரில் மோதியது. வண்டியில் அவர் ஒருவர்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. அதன் பிறகு மாப்பிள்ளையைக் கைது செய்தார்கள். அன்று மாலை என்னைக் கேட்டபோது, அளவை எழுதி வைத்தேன், அவர் துடைத்திருப்பார் என்று சொன்னேன். அதுதான் பொய். அளவை நான் தெரிந்தே எழுதவில்லை.

நேற்று மாலை என் தங்கை காவலில் இருக்கும் அவரைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். "அண்ணா, அவர்கிட்ட கேட்டேன். மச்சான் எழுதாம விட்டதே இல்ல, நான்தான் கழுவும்போது கவனிக்காம அழிச்சிருப்பேன்னு சொல்றார். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடப் போறாராம்" என்றாள். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

கேஸ்கெட் போடும்முன் ஹெட்டின் உயரத்தை அளக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அளக்காதது மாப்பிள்ளையின் தவறு. அதை நான் இன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் அளக்காததற்குக் காரணம், என் எழுத்து இருந்தால் அது சரியாக இருக்கும், இல்லாவிட்டால் சீவவில்லை என்று ஆறு வருடமாக நம்பியது.

அன்றைக்குப் பையில் போட்ட சாக்பீஸை ஆய்வாளர் மேஜைமேல் வைத்திருக்கிறேன்.

மேலே கண்டதை ஆய்வாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். அவர் "அளவை எழுத மறந்துவிட்டேன்" என்று எழுதியிருந்த இடத்தில், "எழுத மறந்துவிட்டேன்" என்பதை அடித்து, "தெரிந்தே எழுதவில்லை" என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார். திருத்தத்தின் பக்கத்தில் என் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, அனைத்தும் உண்மை.

(கையொப்பம்)